ஸ்டெப்பர் மோட்டாருக்கு நாமே அமைத்த மின்சுற்றுப் பலகை

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் தொழிற்பயிற்சிக் குழுவினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்வியின் பெருமையைப் பற்றி இம்மேடையில் பெரியோர் பலர் விரிவாகப் பேசியுள்ளனர். நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. இரு உள்ளங்கைகளில் அடங்கிவிடக்கூடியது. ஸ்டெப்பர் மோட்டாரை இயக்கவும், சோதிக்கவும், அதன் குணங்களை ஆராயவும் எங்கள் பயிற்சிக்கூடத்தில் மாணவர்களைக் கொண்டு அமைத்த மின்சுற்றுப் பலகையே அப்பொருள்.

பயிற்சிக்கூடத்தின் செலவுக் கணக்கைப் பார்வையிட்ட பெரியவர் ஒருவர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். “இத்தகைய பலகை கடையில் ஆயத்தமாகக் கிடைக்கிறதே! அதனினும் கூடுதலாகச் செலவிட்டு, மாதக்கணக்கில் உழைத்து, நாம் ஏன் செய்யவேண்டும்?” என்பதே அவர் கேட்டது. நியாயமான கேள்வி. சங்கத்தின் பணம் ஏழை எளியோர் சிறுகச் சிறுகச் சேர்த்தளித்த பணம்; அதற்குக் கணக்குக் கேட்பது கடமை. அக்கேள்விக்கு விடையாகவே இவ்வுரையை அமைத்துள்ளோம்.

முதற்கண், ஸ்டெப்பர் மோட்டார் என்பது யாது? மின்விசிறியின் மோட்டார் மின்சாரம் பாய்ந்தவுடன் நில்லாது சுழலும். ஸ்டெப்பர் மோட்டாரோ அடிமேல் அடிவைத்துத் திரும்பும். ஒரு துடிப்புக் கொடுத்தால் ஓர் அடி. நூறு துடிப்புக் கொடுத்தால் நூறு அடி. அதன் நடுவிலுள்ள சுழலியில் 50 பற்கள் உள்ளன. சுற்றிலுமுள்ள இரு சுருள்களிலும் மின்னோட்டத்தின் திசையை மாற்றி மாற்றி அமைக்கும்போது, ஒரு பல் நகரும் தொலைவு நான்கு படிகளாகப் பிரிகிறது. ஆகவே முழுச் சுற்றுக்கு 200 படிகள், படியொன்றுக்கு 1.8 பாகை. முப்பரிமாண அச்சுப்பொறியிலும், கணினி வழி இயங்கும் சிறு கடைசல் எந்திரங்களிலும் இம்மோட்டாரைக் காணலாம். ‘நீமா 17’ என்னும் அளவுடையது, முகப்பு 42.3 மில்லிமீட்டர் சதுரமானது, பரவலாகப் பயன்படுகிறது. எங்கள் பலகையும் அதற்கெனவே அமைந்தது.

இம்மோட்டாரை மின்கலத்துடன் நேரே இணைத்தால் சுழலாது. ஓரிடத்தில் இறுகி நின்றுவிடும். அதனைச் சுழலவைக்க இடையில் ஒரு பலகை வேண்டும். அப்பலகை செய்யும் வேலையை ஒரு கணக்கின் மூலம் விளக்க விரும்புகிறோம்.

எங்களிடமுள்ள மோட்டாரின் ஒரு சுருளுக்கு மின்தடை 1.5 ஓம், மின்தூண்டல் 2.8 மில்லிஹென்றி, தாங்கக்கூடிய மின்னோட்டம் 1.7 ஆம்பியர். 1.5ஐ 1.7ஆல் பெருக்கினால் 2.55 வோல்ட். அப்படியானால் 2.55 வோல்ட் கொடுத்தால் போதுமே என்று எவரும் எண்ணுவர். மோட்டார் நின்ற நிலையில் அது போதும். நிமிடத்திற்கு 600 சுற்று வேகத்தில் ஓடவேண்டுமெனில், வினாடிக்கு 10 சுற்று, அதாவது 2000 படிகள். ஒரு படிக்குக் கிடைக்கும் நேரம் அரை மில்லிவினாடி. சுருளில் மின்னோட்டம் நினைத்தவுடன் நிறைந்துவிடாது. பானையில் நீர் நிறைவதுபோல் நேரம் எடுத்துக்கொள்ளும். 2.55 வோல்ட்டில் அந்த அரை மில்லிவினாடிக்குள் மின்னோட்டம் தன் முழு அளவில் நான்கில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. விசை குன்றி மோட்டார் நின்றுவிடும்.

அதே சுருளுக்கு 24 வோல்ட் கொடுத்தால், 1.7 ஆம்பியரை ஏறத்தாழ 0.2 மில்லிவினாடியில் எட்டிவிடும். ஆனால் அங்கேயே நிற்காது. தடுப்பார் இல்லாவிட்டால் 16 ஆம்பியர் வரை ஏறிச் சுருளை எரித்துவிடும். எனவே மின்னழுத்தத்தை மிகுதியாகக் கொடுக்கவும் வேண்டும். மின்னோட்டம் அளவை எட்டிய கணமே துண்டிக்கவும் வேண்டும். குறைந்தவுடன் மீண்டும் திறக்கவும் வேண்டும். வினாடிக்குப் பல்லாயிரம் முறை இவ்வாறு திறந்து மூடும் காவலாளியே மோட்டாரை இயக்கும் ஐ.சி. 2.55 வோல்ட் மோட்டாருக்கு 24 வோல்ட் ஏன் என்று கேட்டு விடையறிந்த மாணவன், இத்துறையின் பாதியைக் கற்றவனாவான்.

இக்காவலாளிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1980களில் இத்தாலி நாட்டு எஸ்.ஜி.எஸ். நிறுவனத்தின் எல்297, எல்298 என்னும் இரட்டை ஐ.சி.கள் இவ்வேலையைச் செய்தன. எல்298 இன்றும் கடைகளில் கிடைக்கிறது. எனினும் 1 ஆம்பியர் பாயும்போதே ஏறத்தாழ 2 முதல் 3 வோல்ட்டைத் தானே வெப்பமாக விழுங்கிவிடும் இயல்புடையது. பின்னர் வந்த ஏ4988 போன்றவை மாஸ்பெட் வகை டிரான்சிஸ்டர்களால் அமைந்தமையால் இழப்புக் குறைந்தது. படியொன்றை 16 நுண்படிகளாகப் பகுக்கும் திறனும் ஒரே சில்லில் அடங்கியது. 2005இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் பவ்யர் தொடங்கிய ‘ரெப்ராப்’ என்னும் முயற்சி, முப்பரிமாண அச்சுப்பொறியின் வரைபடங்களை யாவருக்கும் திறந்துவைத்தது. அதன் பயனாக இவ்வகைச் சிறு பலகைகள் உலகெங்கும் பரவின. பலகையை வரைவதற்கான ‘கீகேட்’ என்னும் கணினி நிரலை 1992இல் பிரெஞ்சு நாட்டின் ழான்-பியேர் ஷரா தொடங்கினார். பின்னர் ஜெனீவாவிற்கருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையமும் அதன் வளர்ச்சிக்குத் துணைநின்றது. அதற்கு விலையில்லை. ஐ.சி.யின் விவரத்தாளுக்கும் விலையில்லை. இதனை நம் மாணவர்கள் அறிந்துகொள்ளவேண்டும். இத்துறையில் அறிவின் கதவு பூட்டப்படவில்லை. உள்ளே நுழைவோருக்குப் பொறுமையும் பயிற்சியுமே தேவை.

இனி எங்கள் பலகையின் அமைப்பைக் கூறுகிறோம். எந்திரம் ஒன்றை ஓட்டுவது மட்டுமே அதன் நோக்கமன்று. மோட்டாரினுள் நிகழ்வதைக் கண்ணால் காண்பதற்கும் அது உதவவேண்டும். ஆகவே ஒவ்வோர் உறுப்பையும் “இது எதற்கு?” என்ற கேள்விக்கு விடைகூறிய பின்னரே மாணவர்கள் வரைபடத்தில் சேர்த்தனர்.

முதலாவதாக, ஏ4988 ஐ.சி.யைப் பலகையில் நேரே பதிக்கவில்லை. அது 5 மில்லிமீட்டர் சதுரத்தில் 28 முனைகள் கொண்டது. வெப்பம் வெளியேறும் தகடு அடிவயிற்றில் உள்ளது. சாதாரணச் சால்டரிங் இரும்பின் முனை அங்கே செல்லாது. எனவே இரு வரிசையில் எட்டெட்டு முனைகளாக ஆயத்த நிலையில் வரும் சிறு பலகையைச் செருகுவதற்கு ஒரு சாக்கெட் அமைத்தோம். செய்யமுடிந்ததைச் செய்வதும், வாங்கவேண்டியதை வாங்குவதும் தொழிலறிவின் பாற்பட்டனவே. அதே சாக்கெட்டில் டி.ஆர்.வி.8825, டி.எம்.சி.2209 ஆகியவற்றின் சிறு பலகைகளையும் செருகி ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இரண்டாவதாக, சாக்கெட்டுக்கு மிக அருகில் 100 மைக்ரோபாரட், 50 வோல்ட் மின்தேக்கி ஒன்று. நீண்ட கம்பியின் வழியே 24 வோல்ட்டைத் திடீரென இணைக்கும்போது, கம்பியின் தூண்டலும் சிறு பலகையிலுள்ள பீங்கான் மின்தேக்கியும் சேர்ந்து ஊசலாட்டத்தை உண்டாக்கும். மின்னழுத்தம் ஒரு கணம் ஏறத்தாழ இரு மடங்காக உயரக்கூடும். ஏ4988 தாங்குவது 35 வோல்ட் மட்டுமே. சில ரூபாய் மின்தேக்கி அதன் உயிரைக் காக்கிறது.

மூன்றாவதாக, உருகுகம்பியும், நேர்முனை எதிர்முனை மாறினால் தடுக்கும் டையோடும். பலர் கை படும் பலகைக்கு இவை இன்றியமையாதன.

நான்காவதாக, துடிப்புகளை உண்டாக்க 16 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் ஏ.டி.மெகா328 என்னும் நுண்கட்டுப்படுத்தி. 28 கால்கள் கொண்ட நீள்வடிவில் இது கிடைப்பதால், புதிதாகக் கற்போரும் எளிதில் பற்றவைக்கலாம். 2009இல் தோன்றிய ‘ஜி.ஆர்.பி.எல்.’ என்னும் திறந்த நிரல் இதே ஐ.சி.யில் வினாடிக்கு 30,000 துடிப்புகள் வரை ஒழுங்காகத் தருகிறது. ஒரு சுற்றுக்கு 8 மில்லிமீட்டர் நகர்த்தும் திருகுத் தண்டில், 16 நுண்படி வைத்தால், ஒரு மில்லிமீட்டருக்கு 400 துடிப்புகள். எனவே வினாடிக்கு 75 மில்லிமீட்டர் என்பது வேகத்தின் எல்லை. இந்த எல்லையை மாணவன் தாளில் எழுதிக் கண்டுபிடிக்கிறான். எந்திரம் ஓடி நின்ற பின் வியப்பதில்லை.

ஐந்தாவதாகவும் ஆறாவதாகவும் உள்ளவை கடைப் பலகைகளில் பெரும்பாலும் காணப்படாதவை. ஒன்று, மோட்டாரின் சுருளோடு தொடராக இணைத்த ஏ.சி.எஸ்.712 என்னும் மின்னோட்ட உணரி. சுருளில் 1 ஆம்பியர் பாய்ந்தால் அது 185 மில்லிவோல்ட் மாற்றத்தைக் காட்டும். ஆசிலாஸ்கோப்பை அங்கே இணைத்தால், நுண்படிகள் ஏறி இறங்கும் படிக்கட்டு அலையைத் திரையில் காணலாம். மற்றொன்று, மோட்டார் தண்டின் பின்முனையில் ஒட்டிய சிறு காந்தத்தைக் கவனிக்கும் ஏ.எஸ்.5600 என்னும் கோண உணரி. அது ஒரு சுற்றை 4096 பங்குகளாக அளக்கும். மோட்டாரின் ஒரு படி ஏறத்தாழ 20 பங்கு.

இக்கோண உணரி ஏன் வேண்டும்? ஸ்டெப்பர் மோட்டார் கட்டளையைக் கேட்கும். ஆனால் நிறைவேற்றியதா என்று திருப்பிச் சொல்லாது. சுமை மிகுந்து அடி தவறினாலும், கட்டளையிட்ட நிரல் எல்லாம் சரியாக நடந்ததென்றே எண்ணிக்கொண்டிருக்கும். எங்கள் மாணவர்கள் ஒரு சோதனை செய்கின்றனர். ஓடும் மோட்டாரின் தண்டைத் துணியால் இறுகப் பிடித்து விடுகின்றனர். பின்னர் உணரியின் எண்ணைக் கட்டளையிட்ட எண்ணோடு ஒப்பிடுகின்றனர். வேறுபாடு ஏறத்தாழ 82 பங்காகவோ அதன் மடங்காகவோ இருக்கும். ஏன் 82? அடி தவறும்போது சுழலி அடுத்த பல்லில்தான் போய் நிலைகொள்ளும். ஒரு பல் என்பது நான்கு படி, 7.2 பாகை. முதற்பாடத்தில் படித்த 50 பற்கள் இங்கே எண்ணாக வந்து நிற்கின்றன. எத்தனை முறை கரும்பலகையில் எழுதினாலும் இத்தெளிவு வாராது.

உறுப்புகளைத் தேர்ந்தபின் செம்புப் பாதைகளை வரையவேண்டும். 35 மைக்ரான் தடிப்புள்ள செம்பில் 2 ஆம்பியர் பாய்ந்து 10 பாகைக்குமேல் சூடேறாதிருக்க, ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் அகலம் தேவை. நாங்கள் மோட்டார் பாதைகளை 2 மில்லிமீட்டராக வரைந்தோம். மோட்டார் மின்னோட்டம் திரும்பும் பாதையையும், நுண்கட்டுப்படுத்தியின் பாதையையும் தனித்தனியே கொணர்ந்து, மின்சாரம் நுழையுமிடத்தில் மட்டும் ஒன்றுசேர்த்தோம். துடிப்புச் செல்லும் கோட்டை மோட்டார் கோட்டின் அருகே ஓடவிடவில்லை. அருகே ஓடினால் கொடாத துடிப்பையும் கொடுத்ததாக ஐ.சி. எண்ணிவிடக்கூடும்.

பலகை ஆயத்தமானதும் அவசரப்படலாகாது. எங்கள் கூடத்தில் ஒரு வரிசைமுறை உண்டு. அதனைச் சுவரில் எழுதி வைத்துள்ளோம். முதலில் சிறு பலகையைச் செருகாமலே மின்சாரம் கொடுத்து, 24 வோல்ட்டும் 5 வோல்ட்டும் உரிய இடங்களில் உள்ளனவா என்று மல்டிமீட்டரால் பார்க்கவேண்டும். பின்னர் மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் சிறு பலகையைச் செருகவேண்டும். அடுத்து மின்னோட்ட எல்லையை அமைக்கவேண்டும். அதன்பின் மின்சாரத்தை மீண்டும் நிறுத்திவிட்டே மோட்டாரை இணைக்கவேண்டும். மின்சாரம் பாயும்போது மோட்டாரின் கம்பியைப் பிடுங்கினால், சுருளில் தேங்கிய ஆற்றல் ஐ.சி.யைத் துளைத்துவிடும்.

மோட்டாரின் நான்கு கம்பிகளில் எவை இரண்டு ஒரே சுருளைச் சேர்ந்தவை? கருவி இல்லாதவரும் இதனைக் கண்டறியலாம். எதனுடனும் இணைக்காத மோட்டாரின் இரு கம்பி முனைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தண்டைக் கையால் திருப்புக. திருப்பக் கடினமாக இருந்தால் அவ்விரண்டும் ஒரே சுருள். மோட்டார் அப்போது மின்னாக்கியாகித் தன் மின்னோட்டத்தால் தன்னையே தடுக்கிறது.

மின்னோட்ட எல்லையை அமைக்கும் இடத்தில்தான் ‘பார்த்துச் செய்பவனும்’ ‘அறிந்து செய்பவனும்’ பிரிகின்றனர். சிறு பலகையிலுள்ள திருகைத் திருப்பி ஓர் ஒப்பு மின்னழுத்தத்தை வைக்கவேண்டும். ஏ4988இல் அந்த வோல்ட்டை, உணர்தடையின் எட்டு மடங்கால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். உணர்தடை 0.1 ஓம் ஆயின், 0.8 வோல்ட் வைத்தால் 1 ஆம்பியர். அதே ஏ4988 பலகையை வேறொருவர் 0.05 ஓம் தடை வைத்துச் செய்திருந்தால், அதே 0.8 வோல்ட்டுக்கு 2 ஆம்பியர்! டி.ஆர்.வி.8825இல் வகுப்பது ஐந்து மடங்கால், 0.1 ஓம் தடையில் அது 1.6 ஆம்பியர். பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரே சாக்கெட்டில் பொருந்தும். “0.8 வோல்ட் வை” என்று மனப்பாடம் செய்தவன் மோட்டாரைச் சூடேற்றுவான், தடையின்மேல் அச்சிட்ட சிற்றெழுத்தைப் படித்து வகுத்துப் பார்ப்பவன் அதனைக் காப்பான். மேலும், முழுப்படி முறையில் ஏ4988 இரு சுருளுக்கும் எல்லையில் ஏறத்தாழ 70 விழுக்காடே செலுத்தும். அளந்து பார்த்து “எண் குறைகிறதே” என்று மயங்குபவருக்கு விவரத்தாளே விடை சொல்லும்.

நுண்படிகளைப் பற்றியும் ஒரு சொல். 16 நுண்படி வைத்தால் ஒரு சுற்றுக்கு 3200 படிகள் என்று விளம்பரங்கள் பெருமை பேசும். ஓட்டம் மென்மையாவது உண்மை. முழுப்படி முறையில் குறைந்த வேகத்தில் எழும் அதிர்வொலி பெரிதும் அடங்குவதும் உண்மை. ஆனால் ஒரு நுண்படிக்குக் கிடைக்கும் திருப்புவிசை, மோட்டார் நிலைநிறுத்தும் விசையில் ஏறத்தாழ 10 விழுக்காடே. உராய்வு அதற்கு மேற்பட்டால் தண்டு அசையாது. சில நுண்படிகள் சேர்ந்த பின்னரே நகரும். கோண உணரியின் எண்களைப் பார்த்து மாணவர்கள் இதனைத் தாமே உணர்கின்றனர். விளம்பரத்தையும் அளவையும் வேறுபடுத்தி அறிவதும் கல்வியின் பயன்களுள் ஒன்றன்றோ!

இப்போது பெரியவர் கேட்ட கேள்விக்கு வருகிறோம். எந்திரம் ஓடவேண்டும், பொருள் உற்பத்தியாகவேண்டும் என்பது நோக்கமாயின், ஆயத்தப் பலகையை வாங்குவதே முறை. அது விலையும் குறைவு, நேரமும் மிச்சம். இதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் மனிதர் உருவாகவேண்டும் என்பது நோக்கமாயின், கணக்கு வேறாகிறது.

இங்குப் பயின்று ஒரு தொழிற்கூடத்தில் வேலைக்கமர்ந்த மாணவர் ஒருவர், நின்றுபோன எந்திரத்தின் பலகையைத் திறந்து பார்க்க அனுமதி கேட்டார். “திறப்பது உன் வேலையன்று, கழற்றி மாட்டுவதே உன் வேலை” என்பது அவருக்குக் கிடைத்த விடை. நம் நாட்டில் இவ்விடை புதியதன்று. கை ஒருவருடையது, கணக்கு வேறொருவருடையது என்னும் பிரிவினை நெடுங்காலம் நிலவியது. தோலைப் பதப்படுத்தவும், பறையை இழுத்துக் கட்டி ஒலி கூட்டவும் நுட்பமான அறிவு வேண்டும். அந்நுட்பத்தை வைத்திருந்த நம் முன்னோரை அறிவுடையோர் என்று எவரும் எழுதவில்லை. கையும் கணக்கும் ஓர் ஆளிடம் சேர்வதை அப்பிரிவினை விரும்பவில்லை.

பலகை அமைப்பதில் அவ்விரண்டும் பிரிக்கமுடியாதவாறு சேர்கின்றன. பற்றவைக்கும் கையே வகுத்துப் பார்க்கிறது. வரைபடம் வரைந்த கண்ணே ஈயத்தின் பளபளப்பையும் சோதிக்கிறது. தானே அமைத்த பலகையைத் திறக்க மாணவர் எவரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை. அப்பழக்கம் பெற்றவர் பிறர் அமைத்த பலகையின்முன் நிற்கும்போதும் அஞ்சமாட்டார், “24 வோல்ட் ஏன்? இம்மின்தேக்கி எதற்கு? தடையின் அளவென்ன?” என்று கேட்கத் தொடங்குவார். கேட்கத் தெரிந்தவரைக் கழற்றி மாட்டும் வேலையிலேயே நெடுநாள் நிறுத்திவைக்க இயலாது.

ஆகவே செயற்குழுவினரிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றே. ஆண்டுதோறும் ஒவ்வொரு மாணவ மாணவியும் ஒரு பலகையையேனும் தாமே வரைந்து, தாமே பற்றவைத்து, தாமே அளந்து பார்க்க வழிசெய்யுங்கள். அச்செலவைக் கருவிச் செலவு என்று எழுதாமல் கல்விச் செலவு என்று கணக்கில் எழுதுங்கள். அப்பலகையும் ஆசிலாஸ்கோப்பும் பக்கத்து அறையில் வைக்கப்பட்டுள்ளன. மாணவர்களே அவற்றை இயக்கிக் காட்டுவர். உங்கள் கேள்விகளுக்கும் அவர்களே விடையளிப்பர்.